கம்முனு குந்து: கடலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மழை விடுமுறை வழிகாட்டி

கடலூருக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு ஆபீஸில் நிறையச் சொல்லித் தருவார்கள். எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், எந்த மெஸ்ஸில் மீன் குழம்பு நன்றாக இருக்கும், புதுச்சேரி பஸ்ஸுக்கு எங்கே நின்றால் உட்கார இடம் கிடைக்கும், எல்லாம். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். ஐப்பசி பிறந்தபின் ஒரு நாள் காலை, சாப்பாட்டு டப்பாவை மூடுகிற நேரத்தில், "கடலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை" என்று டிவியில் கீழே ஓடும். அப்புறம் அந்த நாளை என்ன செய்வது?

சேலத்திலிருந்து வந்த முதல் வருடம் எனக்குத் தெரியவில்லை. மழை கொட்டுகிறது. பஸ் இல்லை, ஆபீஸ் இல்லை, கரண்ட் இல்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பீரோவை ஒழித்தேன். ஒழித்ததைத் திரும்ப அடுக்கினேன். மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆயா (இங்கே பாட்டியை ஆயா என்பார்கள்) கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு இருக்க? கம்முனு குந்து."

குந்து என்றால் உட்கார். கம்முனு குந்து என்றால் வாயும் காலும் மனசும் ஒரே இடத்தில் இருக்கும்படி உட்கார். கேட்கச் சுலபம். எனக்குப் பிடிபட நாலைந்து மழைக்காலம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ஓய்வு நாள்தானா என்று பாருங்கள்

எல்லா மழை நாளும் போர்த்திக்கொண்டு படுக்கிற நாள் இல்லை. சில நாள் மூட்டை கட்டிக் கிளம்ப வேண்டிய நாள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நிம்மதி வராது.

கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்பீர்கள். 1, 2 என்றால் புயல் எங்கோ தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம், கவனம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். இதில் 7-ம் 10-ம் புயல் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ கரை கடக்கும் என்று சொல்பவை. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நான் வைத்திருக்கிற கணக்கு இது: 4 வரை வீட்டில் நிம்மதியாக இருக்கலாம், 5-ஐத் தொட்டாலே ஓய்வைப் பற்றிய பேச்சே கிடையாது, பாதுகாப்பு மட்டும்தான்.

வானிலைத் துறையின் மழை அளவுகளையும் ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கனமழை என்றால் ஒரு நாளில் 6.5 சென்டிமீட்டரிலிருந்து 11.5 வரை. மிகக் கனமழை 20.4 வரை. அதற்கு மேல் அதிகனமழை, சிவப்பு எச்சரிக்கை.

மூன்றாவதுதான் வெளியூர்க்காரர்கள் தவறவிடுவது. இந்த மாவட்டம் ஒரு வடிகால். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் இங்கே வந்துதான் கடலில் விழுகின்றன. அதனால் நம் தலைக்கு மேல் மழை விட்டுவிட்டாலும் ஆற்றில் விட்டதாகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நகராமல் அங்கேயே நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூரில் பலரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது டிசம்பர் 2-இல். உங்கள் வீடு ஆற்றோரத்திலோ தாழ்வான நகரிலோ இருந்தால் மழை நின்ற மறுநாளும் தெருவைப் பாருங்கள். வீடு பார்க்கிறபோதே பக்கத்து வீட்டில், "இங்க தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?" என்று கேட்டுவிடுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். வேறு எந்த ஆவணமும் அதைச் சொல்லாது.

புதுச்சேரிக்குத் தினமும் போய்வருகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு. இங்கே பிள்ளைக்கு விடுமுறை, அங்கே உங்களுக்கு வேலை நாள் என்று ஆகும். இரண்டு அறிவிப்பையும் பார்த்துவிட்டுப் பையைக் கழற்றி வையுங்கள்.

முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம்

ஓய்வு என்பது மறுநாள் வருவது. அதற்கான வேலை முந்தின நாள் மாலையே முடிந்திருக்க வேண்டும். கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் சாயங்காலம் வானம் மூடினால் நான் இதைச் செய்துவிடுவேன்.

மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவது. குடிதண்ணீர் கேன் ஒன்று கூடுதலாக. பால் இரண்டு பாக்கெட் வாங்கி உடனே காய்ச்சி வைப்பது. போன், டார்ச், பவர் பேங்க் சார்ஜ். காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பது. மொட்டைமாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயில் அடைத்திருக்கிற சருகை எடுப்பது. இதை மறந்தவர் வீட்டு ஹாலில் சொட்டுகிற தண்ணீருக்குப் பாத்திரம் வைத்தே விடுமுறை கழியும். வண்டியை வேப்ப மரத்தடியிலிருந்து நகர்த்துவது. மாத்திரை டப்பா, குறிப்பாகப் பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கிறதா என்று எண்ணுவது.

இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு: 150 ஏஎச் பேட்டரி முழு சார்ஜில் நல்ல நிலையில் இருந்தால் இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி பல்புக்கு எட்டு மணி நேரம் போலத் தாங்கும். மழையில் ஃபேன் எதற்கு என்பீர்கள். குளிர்ச்சிக்கு இல்லை, கொசுவுக்கு. எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் ஒரு ஃபேன் போதும், இரண்டு இரவு ஓட்டிவிடலாம். பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். "இன்னும் ஜில்லுனு இருக்கா" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் என் கணவர்.

மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் அணைந்தபின் போனில் இருக்கிற நம்பரால் என்ன பயன்?

அடுப்படிக்கும் விடுமுறை விடுங்கள்

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மழை விடுமுறை என்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ஒன்பது மணிக்கு இட்லி, பதினொன்றுக்கு "சூடா ஏதாவது", ஒன்றரைக்குச் சாப்பாடு, மூன்றுக்கு பஜ்ஜி, ஆறுக்கு டீ, எட்டுக்கு தோசை. ஊரே ஓய்வெடுக்கிறது, ஒரு பெண் மட்டும் கால் கடுக்க நிற்கிறாள். அவளிடம் போய் இந்த நாளுக்காக மனம் நிறைந்து நன்றியோடு இரு என்று சொன்னால் கரண்டிதான் பறந்துவரும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். அது பசித்து வருகிற ஊர் சனத்துக்கான அடுப்பு. உங்கள் வீட்டு அடுப்பு அதோடு போட்டி போட வேண்டாம்.

ஒரே ஒரு முறை சமைப்பது என்று முதல் நாளே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிரிட்ஜ் இல்லாமல் இரண்டு நாள் நிற்பது வத்தக்குழம்பு. சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துக்கொள்ளுங்கள். உரிப்பதை டிவி இல்லாமல் தவிக்கிற பிள்ளைகளிடம் கொடுக்கலாம். நல்லெண்ணெய் தாராளமாக, கை நடுங்காமல் ஊற்ற வேண்டும். கடுகு, வெந்தயம் தாளித்து மணத்தக்காளி வத்தலை அதில் பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதங்கியதும் குழம்புத் தூள், எலுமிச்சையளவு புளி கரைத்த கெட்டித் தண்ணீர், உப்பு. சிறு தீயில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கிறபோது பொரித்த வத்தலைப் போட்டு, நெல்லிக்காயளவு வெல்லம் சேர்த்து இறக்கினால் தீர்ந்தது. ஈரக் கரண்டி படாமல், வேளைக்கு ஒருமுறை சூடுபண்ணினால் போதும். சுட்ட அப்பளம், மோர் மிளகாய். அசைவ வீடென்றால் ஓ.டி. (ஓல்டு டவுன், கடலூர் முதுநகர்) பக்கம் வாங்கி வைத்த நெத்திலிக் கருவாடு. புயல் நேரத்தில் படகு போகாது, பச்சை மீன் கிடைக்காது. கருவாடு அந்த நாட்களுக்காகத்தான் காய்ந்தது.

மாவு பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போனால் மாவு புளிக்கும். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம், மூன்றாம் நாள் குழிப்பணியாரம். புளிப்பைத் திட்டிக்கொண்டிருக்காமல் அதன் போக்கிலேயே போங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மழை நாளில் மிக்ஸி ஓடவில்லை. கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அம்மி கிடந்தது, வீட்டோடு வந்தது. கணவர் துவையல் அரைக்கிறேன் என்று உட்கார்ந்தார். வறுத்த துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், பூண்டு, தேங்காய். குழவியைச் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினார். பருப்பு நாலு பக்கமும் சிதறியது. ஆயா குடையோடு வந்து நின்று, "உருட்டாத, இழு. உன் பக்கமா இழு" என்றார். அரைமணி நேரத்தில் ஒரு கைப்பிடித் துவையல், கொரகொரவென்று. இத்தனை வருடத்தில் அவர் தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

காலை பதினொரு மணி வரை எதையும் தொடாதீர்கள்

கிடைத்த நாளை வீணாக்கக் கூடாது என்று ஒரு பதற்றம் வரும். பெண்டிங் வேலை, அலமாரி சுத்தம், ஆன்லைனில் ஏதோ கோர்ஸ். வேண்டாம். விடுமுறை என்று தெரிந்ததும் திரும்பப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. கேளுங்கள். ஓட்டு வீட்டில் விழும் மழைக்கு ஒரு சத்தம், தகர ஷெட்டில் இன்னொன்று, வாழை இலையில் வேறொன்று. தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்தால் இதற்கெல்லாம் அடியில் கடலின் இரைச்சல் விடாமல் கேட்கும். நடு நடுவே தவளை.

குற்ற உணர்ச்சி வரும். அதுவும் மாசச் சம்பளக்காரர்களுக்கு நிறைய வரும். எனக்கு வந்தது. அதற்கு நான் கண்ட வைத்தியம், கைக்கு மட்டும் ஒரு சிறு வேலை கொடுப்பது. முருங்கைக்கீரை உருவுவது, புளியில் கொட்டை எடுப்பது, பழைய பொத்தான் தைப்பது. கை ஓடும், மனசு உட்காரும். ஆயாவின் வெற்றிலை மடிப்பும் அந்த ரகம்தான் என்று பிறகு புரிந்தது.

போனுக்கு மூன்று வேளை

சாப்பாடு மாதிரி காலை, மதியம், இரவு. அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒரு அணை உடையும், எவரோ ஒருவர் நடுங்குகிற குரலில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பயத்தோடு கூடவே பேட்டரியும் தீரும். பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். புதுச்சேரி வானொலி நன்றாக எடுக்கும். செய்தியும் வரும், பழைய பாட்டும் வரும்.

நன்றி சொல்வதென்றால் பெயர் சொல்லி

இரவு படுக்குமுன் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வது எங்கள் வழக்கம். "கடவுளுக்கு நன்றி, இயற்கைக்கு நன்றி" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். அது பரீட்சையில் கட்டுரை எழுதுகிற மாதிரி. ஆள் வேண்டும். இன்று நாம் காலை நீட்டிப் படுத்திருந்தபோது யார் நின்றுகொண்டிருந்தார்? மழைக்கோட்டு போட்டுப் பால் கொண்டு வந்தவர். இடுப்பளவு தண்ணீரில் சாக்கடை அடைப்பை எடுத்தவர். கம்பத்தில் ஏறிய லைன்மேன். முதல் நாள் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். என் மகன், "எனக்கு யாரும் இல்ல" என்றான். மறுநாள் அவனே, "எதிர்வீட்டு அண்ணன், நம்ம சைக்கிளைத் தூக்கித் திண்ணையில வெச்சாரு" என்றான். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததை இந்த ஊரில் இன்றும் நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்த கதை. ஆயாவிடம் கேட்டால் காற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வார். வெளிமாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நட்ட ஆட்களுக்குத் தெருவில் பொங்கிப் போட்டதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்.

பெயரைச் சொன்னால் மட்டும் போதுமா என்றால், போதாது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவால் மழையில் மூன்று நாள் வர முடியவில்லையென்றால் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். உங்கள் ஆபீஸ் உங்கள் சம்பளத்தில் பிடிக்கவில்லையே. மீன் கூடைக்கார அம்மாவுக்குக் கடல் மூடியிருக்கிற நாளெல்லாம் வருமானம் இல்லாத நாள். படகு போன முதல் நாள் வந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். தெருவில் லைன்மேன் வேலை பார்த்தால் பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எப்ப கரண்ட் வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

ஆறு பார்க்கப் போகாதீர்கள். பாலத்தில் நின்று செல்பி எடுப்பதும் சில்வர் பீச்சில் அலை பார்ப்பதும் இந்த நாளுக்கு உரியவை இல்லை. தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். ஷூவை உதறாமல் காலை விடாதீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து பாம்பும் மேடு தேடி வரும். மெழுகுவத்தியைத் திரைச்சீலைப் பக்கம் வைக்காதீர்கள். அதைவிட, போன வருடக் கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகள் பரணில் கிடக்குமே, ஒரு தாம்பாளத்தில் வைத்து ஏற்றலாம்.

பொழுது போகவில்லை என்றால்

பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போதும். பக்கத்துக்கு ஏழு, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. உங்கள் பக்கக் குழி ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பது உங்களுக்கு. அதோடு ஆட்டம் எதிராளிக்கு. நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக நாலு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். கண்ணை எடுத்தால் பசு போய்விடும்.

ஃபெஞ்சல் வந்த சனிக்கிழமை சாயங்காலமே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மேட்டுத் தெரு, தண்ணீர் வராது என்று ஆயா உறுதியாகச் சொன்னதால் கீழ் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். அகல் வெளிச்சத்தில் ஆயாவும் என் மகனும் ஆடினார்கள். வெளியே தென்னை மட்டை ஒன்று பெரிய சத்தத்தோடு விழுந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் திரும்பியது ஞாயிறு ராத்திரி, இரண்டாம் நாள் ஆட்டத்துக்கு நடுவில். டியூப்லைட் விட்டுவிட்டு மின்னி, எல்லோர் கண்ணும் கூசியது. மகன் தலையைத் தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் ஆயாவின் கை பலகைக்கு வந்துவிட்டது.

"பசு" என்றார். நாலு கொட்டையை எடுத்துக்கொண்டு, "யாராச்சும் லைட்ட நிறுத்துங்கப்பா, கண்ணு கூசுது. நீ ஆடு."